ரிமாக்ஸ் ஐயாவும் மாரியாயியின் புகையும்

வானத்திலிருந்து விழுகிற எதுவும் தமக்குத் தெரியாமல் விழக் கூடாது என்று நினைத்த மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்தார். மழை, தூசி, புகைக்கரி, காக்கை எச்சம் எல்லாமே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கடவுள்கூட இவ்வளவு கவனமாக இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பின்னாளில் விசாரணைக் கந்தோரில் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் ரிமாக்ஸ் ஐயா.

ஐம்பதுகளில் நான் நுவரெலியாவில் ஒரு சின்ன அரசாங்கக் கந்தோரில் இளைய கிளாக்கராக இருந்தேன். உலக யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி தொடங்கி வைத்துவிட்டுப் போன வேலை எங்களுடையது. நாட்டின் பல மூலைகளில், கடற்கரையில், காட்டோரத்தில், எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டங்களில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கால். அதன்மேல் ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடியின் வாயில் ஒரு பெரிய புனல். ஒரு மாதம் முழுக்க வானம் என்ன போடுகிறதோ அதெல்லாம் அதற்குள் சேரும். மாதக் கடைசியில் ஜாடியை மூடி, விவரம் எழுதும் படிவமான ஒரு பாரத்தையும் நிரப்பி எங்களிடம் அனுப்புவார்கள். தண்ணீரை அளந்து, அடியில் தங்கிய தூசியைக் காயவைத்து நிறுத்து, எண்களைப் பேரேட்டில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இருந்த சனங்கள் இதற்கு 'மழை ஊறுகாய்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயரை எங்கள் இலாகா கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

பாரத்தின் ஓரத்தில் 'ரிமார்க்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டை விரலை வைத்தால் மறைந்துவிடும். மற்றத் தோட்டங்களில் அந்தக் கட்டத்தில் மாதம் தவறாமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்புவார்கள். கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து மட்டும் பாரத்தோடு பதினைந்து இருபது தாள்கள், சோற்றுப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, ஒரு தலையணை மாதிரி வந்து சேரும். அங்கே ஜாடியைப் பார்த்துக்கொண்டவர்தான் ரிமாக்ஸ் ஐயா.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் அந்தத் தலையணையைப் பிரித்துப் படித்தேன். முத்து முத்தான தமிழ்.

'3ஆம் தேதி. காலை ஏழாம் லயம் மாரியாயி அடுப்பில் பச்சை விறகு. புகை நேரே ஜாடிக்கு வந்தது. சொல்லியாயிற்று. கேட்கவில்லை.'

'4ஆம் தேதி. மேற்படி புகை. மேற்படி மாரியாயி. கேட்கவில்லை.'

'9ஆம் தேதி. காகம் ஒன்று புனல் விளிம்பில் உட்கார்ந்தது. எச்சம் இல்லை. ஆனால் எண்ணம் இருந்தது.'

'12ஆம் தேதி. மூன்றாம் லயத்தில் கம்பளி உதறினார்கள். காற்று எதிர்ப்பக்கம். மன்னிக்கலாம்.'

எங்கள் ஹெட் கிளாக் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த ஒரு சிங்களப் பெரியவர். நேர்மையானவர், ஆனால் பேரேட்டில் கோடு கோணினால் சாப்பாடு இறங்காது. தலையணையைத் தூக்கிப் பார்த்து "மொகத மே?" என்றார். என்ன இது என்று அர்த்தம். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். காகத்தின் எண்ணம் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ரிமார்க்ஸ் ஒரே ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது" என்றார். எழுதினேன்.

அடுத்த மாதம் ஜாடியை லொறியில் அனுப்பாமல் ரிமாக்ஸ் ஐயாவே கொண்டு வந்தார். நல்ல மழை. நாற்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, பழைய கோட்டு, முழங்கால் வரை சேறு. வலது கையில் குடை. இடது கையில் குழந்தையை அணைப்பது போல ஜாடி. குடை முழுவதும் ஜாடிக்கு. அவர் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஜாடிதான் மூடியிருக்கே, நீங்க நனையாம வந்திருக்கலாமே" என்றேன்.

"இது கந்தப்பளை மழைங்க கிளாக்கரய்யா. நுவரெலியா மழ இதுல ஒட்டப்படாது" என்றார்.

பஸ்ஸில் வந்த கதையைப் பிறகு நடத்துநர் சொல்லிக் கேள்விப்பட்டேன். சுருட்டுப் பிடித்த ஒருவரை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பியிருக்கிறார். தும்மல் வந்த அம்மாளை ஜன்னல் பக்கம் திரும்பித் தும்மச் சொல்லியிருக்கிறார். பஸ் குலுங்கும்போதெல்லாம் சாரதியிடம், "பைய போங்க, புள்ளத்தாச்சி இருக்கு" என்றாராம். பாதி வழி வந்த பிறகுதான் அந்தப் புள்ளத்தாச்சி ஜாடி என்று பஸ்ஸுக்குத் தெரிந்தது.

ஹெட் கிளாக் எழுதச் சொன்ன கடிதத்துக்கு அவர் அப்படியே பணிந்திருந்தார். ரிமார்க்ஸ் ஒரே வரிதான். தாள்களை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, நுனியோடு நுனி ஒட்டி, நாடா மாதிரி சுருட்டிக் கொண்டு வந்திருந்தார். ஹெட் கிளாக் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையோடு நடந்தேன். என் மேசை, தட்டெழுத்து மேசை, கதவு எல்லாம் தாண்டி வராந்தாவில் போய் நின்றேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஒரே வரிதானுங்க. முடிஞ்ச அளவு சுருக்கியிருக்கேன்" என்றார் ரிமாக்ஸ் ஐயா. கிண்டல் செய்கிற மனிதர் இல்லை அவர். அதுதான் சங்கடம்.

அன்றிலிருந்து ஹெட் கிளாக் அவரை அவர் போக்கில் விட்டுவிட்டு எனக்கு ஓர் உத்தரவு போட்டார். எண்களை மட்டும் பேரேட்டில் ஏற்று, ரிமார்க்ஸை விட்டுவிடு. நான் அப்படியே செய்தேன். மாரியாயியின் புகை, காகத்தின் எண்ணம், கம்பளித் தூசி எதுவும் கொழும்புக்குப் போகவில்லை. போனதெல்லாம் சுத்தமான எண்கள்.

ஒரு முறை அந்தச் சுத்தமான எண்ணே எங்களைக் கவிழ்த்தது. ஒரு மாதம் அவருடைய ஜாடியில் தூசி வழக்கத்தைவிட மூன்று மடங்கு. பேரேட்டில் பிழை, திருத்தி அனுப்பு என்று கொழும்பிலிருந்து கடிதம். ஹெட் கிளாக் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். கடைசியில் தலையணையைப் பிரித்தால், 'பக்கத்துத் தோட்டத்தில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி எரித்தார்கள். மூன்று நாள். கண் எரிந்தது' என்று இருக்கிறது. எண் சரிதான் என்று பதில் போட்டோம். அதற்குப் பிறகு, யுத்த காலத்திலிருந்து மூலையில் சேர்ந்து கிடந்த அந்தத் தோட்டத்துத் தாள்களுக்கு அலமாரியில் தனித் தட்டு கிடைத்தது.

அந்தத் தட்டும் நிறைந்தபோது பழைய தாள்களை எரித்துவிடலாம் என்று முடிவானது. ரிமாக்ஸ் ஐயாவின் காதுக்கு அது எப்படியோ எட்டியது. மறுநாளே கந்தோர் வாசலில் நின்றார். தம் தாள்களைக் காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்து எனக்கு மனம் கனத்தது.

"தாராளமா எரிங்க. எழுதுனது எழுதுனதுதான். ஆனா உங்க கந்தோர் முத்தத்துலயும் ஒரு ஜாடி நிக்கிது. அதுக்குள்ள பேப்பர் கரி விழுகும். அத யாரு ரிமாக்ஸ் எழுதுறது? நீங்கதான் ஒண்ணுமில்லன்னு எழுதுற ஆளுங்களாச்சே" என்றார்.

எரிப்பது நின்றது. தாள்கள் மறுபடியும் அலமாரிக்குப் போயின.

ஒரு வருஷம் மாசியில் காமன் கூத்துப் பார்க்க அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆட்டமெல்லாம் முடிந்து விடிகிற நேரம். ஈசன் வேஷம் கட்டியவர் தீப்பந்தத்தோடு வந்து காமனை எரிக்க வேண்டும். தப்புப் பறை உச்சத்தில் முழங்குகிறது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிமாக்ஸ் ஐயா வந்து, ஒரு துணிக் கிழிசலைத் தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி. காத்து ஜாடிப் பக்கம் போகுது. திரும்பட்டும்" என்றார்.

தப்பு நின்றது. மூன்றாவது கண்ணைத் திறந்துவிட்ட ஈசன் பந்தத்தோடு அப்படியே நின்றார். காமன் சாகாமல் நின்றான். காற்று திரும்பவில்லை. ரதி வேஷம் போட்ட இளைஞன், சேலையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஐயா, நான் எப்பத்தான் ஒப்பாரி வைக்கிறது? குளுருதுங்க" என்றான்.

அந்தக் கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் மாரியாயிதான். புருஷன் சோலையை இழந்து, தனியாகக் கொழுந்து பறித்துப் பிழைத்த மனுஷி. லயத்தில் அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு நேர் பின்னால் மேட்டில்தான் ஜாடி நின்றது. ரிமாக்ஸ் ஐயா தம் வீட்டில் அடுப்பே மூட்டுவதில்லை. ஜாடிக்கு ஆகாதென்று சாப்பாட்டை லயத்தில் வீடு மாற்றி வீடு வைத்துக்கொண்டார். முக்கால்வாசி நாள் மாரியாயி வீட்டில்தான். அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, சமைத்த புகையை எழுதி வைப்பார்.

"சாமி கண்ணத் தொறந்துட்டாரு. மூடச் சொல்றதுக்கு நீங்க யாருங்க?" என்றாள் மாரியாயி. கூட்டம் சிரித்தது. பந்தம் இறங்கியது. அந்த மாதத் தாளில், 'காமன் எரிந்தான். சொல்லியாயிற்று. மாரியாயி கேட்கவில்லை. ஈசனும் கேட்கவில்லை' என்று இருந்தது.

இதெல்லாம் சிரிப்பாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரஜாவுரிமை விசாரணைகள் மலைக்கு ஏறி வந்தன. இந்த நாட்டில் விடாமல் இருந்தேன் என்று இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவரும் தாள் காட்ட வேண்டும். காட்டினால் இருக்கலாம், காட்டாவிட்டால் கப்பலேற வேண்டியதுதான். அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பெரிய இடி. யுத்த காலத்துச் செக்ரோல் புத்தகங்களை, அதாவது தினமும் வேலைக்கு வந்தவர் பெயரெழுதும் புத்தகங்களை, கறையான் அரித்துவிட்டிருந்தது. அந்த வருஷங்களில் மாரியாயி இங்கே இருந்ததற்குச் சான்று ஒன்றுமே இல்லை. இந்தியாவுக்குப் போய் வந்திருப்பாய் என்றார்கள். போக அவளுக்கு அங்கே யாருமே இல்லை.

ரிமாக்ஸ் ஐயா அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கந்தோருக்கு வந்தார்.

"இவ இங்க இல்லன்னு சொல்றாங்க கிளாக்கரய்யா. இல்லாத ஆளு பொகைய நான் எப்புடி எழுதுனேன்?" என்றார்.

அலமாரியைத் திறந்தோம். ஹெட் கிளாக் தாமே கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, தாள்களை என்னிடம் தந்து அனுப்பினார். விசாரணைக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். மாரியாயி, பச்சை விறகு, கேட்கவில்லை. மாரியாயி, ஈர விறகு, கேட்கவில்லை. மாரியாயி, புகை, ஏசினாள், கேட்கவில்லை. அரை மணி நேரம் போனது. விசாரணை அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இந்த அம்மா கேட்டாளா?" என்றார்.

"இல்லீங்க" என்றார் ரிமாக்ஸ் ஐயா, வருத்தத்தோடு.

அதிகாரி சிரித்துவிட்டார். இப்படி ஒரு பிடிவாதத்தை யாரும் இட்டுக்கட்டி எழுத முடியாது என்று சொல்லி, அவளுடைய விண்ணப்பத்தில் ஒப்பமிட்டார்.

செய்தி அன்றைக்கே தோட்டத்துக்குப் போய்விட்டது. மறுநாள் எங்கள் கந்தோர் வாசலில் திருவிழா. எல்லாரும் தங்கள் புகையைத் தேடி வந்திருந்தார்கள். கம்பளி உதறியவர், குப்பை கொளுத்தியவர், கல்யாணத்துக்கு வெடி போட்டவர் எல்லாருக்கும் தாள் கிடைத்தது. அவர் பேச்சைக் கேட்டு ஒழுங்காக நடந்தவர்கள்தான் பாவம், ஒரு வரிகூட இல்லாமல் நின்றார்கள். ஒரு பெரியவர் ரிமாக்ஸ் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களயும் ஒரு நா ஏசியிருக்கப்படாதா ஐயா?" என்று கேட்டார். அவருக்காக ரிமாக்ஸ் ஐயா மூன்று நாள் எங்கள் தரையில் உட்கார்ந்து தேடினார். மூன்றாம் நாள், 'நாலாம் லயத்துப் பெரியவர் ஜாடிப் பக்கம் நின்று கொட்டாவி விட்டார்' என்று ஒரு வரி அகப்பட்டது. அந்தக் கொட்டாவி ஒரு குடும்பத்தைக் கரையேற்றியது.

கடைசியாக அவருடைய விசாரணை வந்தது. எனக்குக் கவலையே இல்லை. ஊரையே இந்த நாட்டில் நிறுத்திய தாள்கள், எழுதியவரை நிறுத்தாதா? மாதவாரியாக அடுக்கிக்கொண்டு வந்தேன். யுத்த காலத்து அடுக்கில் ஓர் இடத்தில் என் கை நின்றது. எழுத்து மாறியிருந்தது. முத்து முத்தான எழுத்துப் போய், ஓர் ஆள் கால் போடாமல் எழுதியிருந்தார். காலை மழை எல்லாம் 'கலை மழை'. காகம் 'ககம்'. மாரியாயி 'மரியயி'. ஒரு வரி இப்படி இருந்தது: 'நம்ம வீட்டுப் பெகை. சென்னேன். ஏசினள்.' பொகை, சொன்னேன், ஏசினாள் எதற்கும் கால் இல்லை. இது மாரியாயியின் புருஷன் சோலை என்று எனக்குப் புரிந்தது.

அந்த எழுத்து முடிகிற மாதத்தில், தாளின் ஓரத்தில், சோற்றுப் பசையால் ஒரு சின்ன ஒட்டு. முத்து எழுத்து மறுபடியும்: 'இதற்கு முந்திய பதினான்கு ஜாடிகளைப் பார்த்தது சோலை. நான் இந்தியாவில், தாயாரிடம். திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. அளவில் வித்தியாசம் தெரிந்தால் அது ஆள் வித்தியாசம். பிழை தெரிந்தால் என்னுடையது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்.'

பன்னிரண்டு மாதம் வரை வெளியே இருந்தால் சட்டம் பொறுக்கும். பதினான்கைப் பொறுக்காது. அந்த ஒட்டை நான் ஈரத் துணியால் ஒற்றி, கிழியாமல் உரித்து, என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என் உத்தியோக வாழ்க்கையில் ஆவணத்தில் நான் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

விசாரணை நன்றாகவே போனது. அதே அதிகாரி. முன்பே பழகிய தாள்கள். எழுத்து வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை. தமிழ் அவருக்குத் தெரியாது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, "ஒரு மாதம்கூட விடாமல் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் இங்கேயேதான் இருந்தீர்கள்?" என்று கேட்டார். ஆமாங்க என்று ஒரு சொல் போதும். பேனாவை எடுத்துவிட்டார்.

ரிமாக்ஸ் ஐயா எழுந்து மேசைக்குக் கிட்டப் போனார். திறந்திருந்த தாளைக் குனிந்து பார்த்தார். பசை உலர்ந்த இடத்தை விரலால் தடவினார்.

"இந்த எடத்துல ஒரு ஒட்டு இருந்துச்சுங்களே. காணோமே" என்றார்.

நான் இருமினேன். கிட்டப் போய் அவர் காலை மிதித்தேன்.

"விழுந்திருக்கும் போல. பரவால்லீங்க, வாயால சொல்லிப்புடுறேன். இதுல பதினாலு மாசம் நான் பாக்கலீங்க. சோல பாத்தான்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைக்கவில்லை. நல்ல மனிதர், இன்னொரு கதவைத் திறந்து வைத்தார். "பழைய கதை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். பதினான்கா, பன்னிரண்டா?"

"பதினாலு ஜாடிங்க. எண்ணியிருக்கேன்" என்றார் ரிமாக்ஸ் ஐயா.

வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். "உங்களுக்கென்ன பைத்தியமா ஐயா? உங்கள யாரு கேட்டா?" என்றேன்.

"அது சோல பாத்த மழைங்க. அவன் செத்துப் போயிட்டான். வந்து கேக்க மாட்டான்னு நான் எடுத்துக்கிறதா?"

"மழையை யார் பார்த்தா என்ன? பேஞ்சது பேஞ்சதுதானே?"

"அப்ப பாரத்துல, பாத்தவரு பேருன்னு ஒரு கட்டம் ஏன் போட்டு வச்சிருக்கீங்க?" என்றார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மேல்முறையீடு போட்டோம். ஹெட் கிளாக் தம் கையால் இரண்டு பக்கம் எழுதினார். ரிமார்க்ஸ் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது என்றவர், அந்த மனிதரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. நாட்டைவிட்டுப் போகச் சொல்லித் தாள் வந்தது.

இந்தியாவுக்குக் கப்பலேற அவர் நானுஓயா ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று ஏழாம் லயம் முழுக்க மேடையில் நின்றது. அவர் தாளில் அடியெடுத்து வைத்து இந்த நாட்டில் தங்கியவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். மாரியாயி ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார்.

"பச்ச வெறகு" என்றார்.

"ஆமா. எழுதிக்கிங்க" என்றாள் அவள்.

வண்டி கிளம்பும் நேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "கிளாக்கரய்யா, அந்த ஒட்டு எங்கனயாச்சும் கெடச்சா அதே எடத்துல ஒட்டிருங்க. சோத்துப் பசதான் நல்லது. கோந்து போட்டா பேப்பரு சுருங்கிரும்" என்றார். மறந்தும் என் சட்டைப் பையைப் பார்க்கவில்லை. வழக்கமாக ஜாடியைப் பற்றிப் பேசுகிற அதே குரல். அன்று மத்தியானம் கந்தோருக்கு வந்து, சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து நாலு பருக்கை எடுத்து நசுக்கி, அதை ஒட்டினேன்.

அடுத்த மாதம் அந்தத் தோட்டத்திலிருந்து ஜாடி லொறியில் வந்தது. புது ஆள். பாரம் ஒரே தாள். ஹெட் கிளாக் வாங்கி, திருப்பிப் பார்த்தார். ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். ரிமார்க்ஸ் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, தம் இடத்துக்குப் போய் வெகுநேரம் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அன்று போட்ட கோடுகளில் பாதி கோணல்.

ஐந்தாறு மாதம் கழித்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. துறையூர்ப் பக்கத்திலிருந்து. முத்து எழுத்து. 'இங்கே நான்கு மாதமாக வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. எழுத ஒன்றுமில்லை. அங்கே இப்போது தென்மேற்குக் காற்று தொடங்கியிருக்கும். புனலில் சருகு அடையும், புது ஆளிடம் சொல்லவும். மாரியாயி காய்ந்த விறகு வைக்கிறாளா என்று விசாரித்து எழுதவும்.'

அட்டை வந்த செய்தி எப்படிப் போனதோ, அந்த ஞாயிறே மாரியாயி லீக்ஸ் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பச்ச வெறகுதான் வைக்கிறேன்னு எழுதுங்க. காஞ்சது கட்டுக் கட்டா கெடக்கு, தொடுறதில்ல. தெனமும் வேணும்னேதான் வைக்கிறேன். ஒருத்தரும் வந்து ஏசல. வந்து ஏசச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதிப் போட்டேன். என் பங்குக்கு இரண்டு வரி சேர்க்கலாம் என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் அவளே சொல்லிவிட்டிருந்தாள்.